ஜியு-ஜிட்சுவில் உங்கள் பலத்தை எங்கே செலவழிப்பது

ஆளைத் தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே "பலத்தைப் போடாதீங்க, டெக்னிக்கைப் போடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு ரோல் (நிஜமாக மோதிப் பார்க்கும் பயிற்சி) பண்ணப் போனால், உங்களைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவர் மார்பின்மேல் ஏறி உட்காருவார், அன்றைக்குக் கற்றுக்கொண்டது ஒன்றும் வேலைக்கு ஆகாது, மூச்சு முட்டும், தோற்றேன் என்று மேட்டை, அதாவது பயிற்சி விரிப்பைத் தட்டிவிட்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் "ஜிம்முக்குப் போங்க பாஸ், உடம்பில் வலுவே இல்லை" என்பார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறார்கள். உடல்பலம், எடை, வேகம், வளைந்துகொடுக்கும் தன்மை எல்லாமே நியாயமான சரக்குதான், வைத்துக்கொண்டு ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு இடத்தில் நுட்பம் தெரியாததை மறைப்பதற்கு அதைப் போட்டால், அந்த நுட்பம் கடைசிவரை வராது. இந்தக் கட்டுரை முழுக்க அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பற்றித்தான்.

ஒரு பழைய கதையை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். "சின்ன ஆள் பெரிய ஆளை ஜெயிக்கும் கலை" என்ற பெயர் இதற்கு வரக் காரணம் இருக்கிறது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த, யுஎஃப்சி என்ற பல கலைச் சண்டைப் போட்டியின் முதல் பதிப்பில் ஏறக்குறைய 80 கிலோ இருந்த ஹோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். மறு ஆண்டு டிசம்பரில், தன்னைவிட சுமார் 40 கிலோ கனமான டான் செவெர்னுக்கு அடியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடந்து, கடைசியில் கால்களைக் கழுத்தில் பூட்டி நெரிக்கும் ட்ரையாங்கிளில் பிடித்தார். செவெர்ன் தேர்ந்த மல்யுத்த வீரர், ஆனால் முதுகு தரையில் பட்டவன் கால்களால் கழுத்தை நெரிப்பான் என்பது அவர் வளர்ந்த விளையாட்டிலேயே கிடையாது. இதற்கு நேர்மாறான சம்பவமும் இந்தக் கலையின் வரலாற்றிலேயே இருக்கிறது, அதை ஏனோ புதியவர்களிடம் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹோய்ஸின் தந்தை ஹீலியோ கிரேசி ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா கனமானவர், பலசாலி, நுட்பத்திலும் குறை கிடையாது. தூக்கித் தூக்கிப் போட்டு, இரண்டாவது சுற்றில் கையை முறுக்கிப் பிடிக்க, ஹீலியோ தட்டவில்லை, அவருடைய அண்ணன் கார்லோஸ்தான் டவலை வீசி நிறுத்தினார். அந்தப் பிடிக்குத்தான் இன்றைக்குக் கிமுரா என்று பெயர். நுட்பத்தில் இடைவெளி பெரிதாக இருந்தால் எடையைத் தாண்டிப் போகலாம், இடைவெளி சுருங்கச் சுருங்க உடம்பு பேச ஆரம்பிக்கும். போட்டிகளில் எடைப்பிரிவு வைத்திருப்பதே அதனால்தானே.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: உங்கள் உடம்பு உங்களை எங்கே ஏமாற்றுகிறது என்று பாருங்கள்

ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று இயல்பாகக் கிடைத்திருக்கும், அது முதல் ஆறு மாதத்துக்கு உங்களைக் காப்பாற்றும், காப்பாற்றுவதாலேயே கெடுக்கவும் செய்யும்.

பலசாலிகள் மவுண்டில் (எதிராளி மார்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் நிலை) மாட்டினால் இரண்டு கையையும் நீட்டி மேலே இருப்பவரின் நெஞ்சைத் தள்ளுவார்கள், பெஞ்ச் பிரஸ் மாதிரி. தன்னைப் போன்ற இன்னொரு வெள்ளை பெல்ட், அதாவது புதியவர், மேலே இருந்தால் அது வேலை செய்யும். அடுத்த படியான நீல பெல்ட் ஒருவர் இருந்தால், நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வரும், முழங்கையை நீட்டி மடக்கும் ஆர்ம்பார் பிடி தானாக வந்து கையில் விழுந்திருக்கிறது.

வளையும் உடம்புக்காரர்களுக்கு வேறு சிக்கல். முழங்கால் காது வரை போனாலும் வலிக்காது என்பதால், ஆபத்தான இடத்தில் இருக்கிறோம் என்ற செய்தியே மூளைக்குத் தாமதமாகத்தான் போகும். கார்டை (அடியில் இருந்துகொண்டு கால்களால் எதிராளியைத் தடுத்து வைக்கும் நிலை) யாரும் தாண்டாமல் இருப்பது இடுப்பு நகர்வதாலா, கால் ரப்பர் மாதிரி வளைவதாலா என்று அவர்களுக்கே தெரியாது. கால் நீளமானவர்கள் கோணம் எடுக்காமலேயே ட்ரையாங்கிளைப் பூட்டிவிடுவார்கள், கழுத்துத் தடித்த ஒருவர் வரும்வரை அது போதும். வேகமானவர்கள் எல்லாவற்றையும் உருண்டு புரண்டே சமாளிப்பார்கள். கனமானவர்கள் மேலேயே இருந்து பழகி, ஒரு வருடம் கழித்தும் முதுகில் படுத்தால் ஆமை மாதிரி கிடப்பார்கள்.

சிறிய உடம்புக்காரர்கள் இதைப் படித்துவிட்டு "நல்லவேளை, எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று நினைத்தால், உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. எப்போதும் அடியிலேயே இருப்பதால் தப்பிக்க நன்றாகத் தெரியும், ஆனால் மேலே வந்தால் ஒரு நிமிடம் ஆளைப் பிடித்து வைக்கத் தெரியாது. தன் எடையை அடுத்தவர்மேல் முழுதாக இறக்கவே கூச்சப்படுவீர்கள். "நான் டெக்னிக் ஆளு" என்பது சிலசமயம் அழுத்தம் கொடுக்கக் கற்றுக்கொள்ளாததற்குச் சொல்லும் சாக்கு.

உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், உங்களோடு அடிக்கடி ரோல் பண்ணும், உங்களைவிடச் சின்ன உடம்புள்ள, உயர்ந்த பெல்ட் ஒருவரிடம் கேளுங்கள். "என்னிடம் எது தொந்தரவாக இருக்கிறது?" என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். "எதை எடுத்துவிட்டால் நான் காலி?" என்று கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து: வரிசையைப் பழகுங்கள்

முதலில் இடம், பிறகு கோணம், கடைசியில் பலம். வேறு எதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்க வேண்டாம். புதியவர்கள் பலத்தை முதலில் போட்டு, அது தீர்ந்த பிறகு மற்ற இரண்டையும் தேடுகிறார்கள்.

சைட் கண்ட்ரோலில் இருந்து தப்பிப்பதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் முதல் வருடத்தில் பாதி நேரம் நீங்கள் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள். மேலே இருப்பவர் குறுக்காக உங்கள் நெஞ்சில் படுத்து, தோளால் உங்கள் தாடையை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் தள்ளத்தான் தோன்றும். தள்ளாதீர்கள். ஒரு முன்கையை அவர் கழுத்துக்குக் கீழே குறுக்காக வையுங்கள், இன்னொரு முன்கையை அவர் இடுப்பெலும்பில். இரண்டு முழங்கையும் உங்கள் விலாவை ஒட்டியே இருக்கட்டும். இது ஃபிரேம், இதில் தசை வேலை செய்வது கொஞ்சம்தான், எலும்புதான் எடையைத் தாங்குகிறது. இப்படி வைத்துக்கொண்டு இரண்டு மூச்சு விடுங்கள், அவசரமில்லை. அப்புறம் காலை ஊன்றி இடுப்பைத் தூக்கி ஒரு பிரிட்ஜ். பலம் தேவைப்படுவது இங்கேதான், ஒரு வினாடி, முழுதாக. அவரைக் கவிழ்க்கப் போவதில்லை, கொஞ்சம் எழ வைக்கிறீர்கள், அவ்வளவுதான். அவர் எடை திரும்ப இறங்குவதற்குள் இடுப்பை வெளியே இழுத்து, உள்பக்க முழங்காலை அவருக்கும் உங்களுக்கும் நடுவில் நுழைத்தால் கார்டு கிடைத்துவிடும்.

இதையே பலத்தால் மட்டும் செய்து பாருங்கள், முதல் ரவுண்டில் நடக்கும். மூன்றாவது ரவுண்டில் முன்கை கல்லாகி, விரலை மடக்கவே முடியாது. ஃபிரேம் வைத்துச் செய்தவருக்கு ஐந்தாவது ரவுண்டிலும் அந்த ஒரு வினாடி பலம் மிச்சம் இருக்கும்.

ஆர்ம்பாரும் இப்படித்தான். கை நீளவில்லை என்று முதுகெல்லாம் வளைத்து இழுப்பதற்கு முன்னால் நான்கைப் பாருங்கள்: அவருடைய முழங்கை உங்கள் இடுப்பைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிட்டதா, உங்கள் இரு முழங்கால்களும் அவர் தோளை ஒட்டி இறுகியிருக்கின்றனவா, உங்கள் பின்பக்கம் அவர் தோளுக்கு அருகில் இருக்கிறதா அல்லது ஒரு அடி தள்ளிக் கிடக்கிறதா, அவருடைய கட்டைவிரல் கூரையைப் பார்க்கிறதா. நான்கும் சரியாக இருந்தால் இடுப்பை மெதுவாக உயர்த்தினாலே தட்டிவிடுவார். ஒன்று தவறினால் உங்கள் கை பலமும் அவர் கை பலமும் மோதிக்கொண்டிருக்கும், அதில் யார் ஜெயித்தாலும் யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ரோலிங்கில் இதை எப்படிக் கொண்டுவருவது

வகுப்பில் ஒழுங்காகச் செய்வதெல்லாம் ஸ்பாரிங் மணி அடித்ததும் காற்றில் பறந்துவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். அதனால் முழு ரோலில் மட்டும் பழகினால் போதாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் தொடங்கி, தப்பித்தாலோ தட்டினாலோ மறுபடி அங்கிருந்தே தொடங்கும் பொசிஷனல் ஸ்பாரிங்தான் புதியவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பயிற்சி என்பது என் கருத்து. வகுப்பில் அது இல்லையென்றால், வகுப்பு முடிந்ததும் ஒருவரைப் பிடித்துப் பத்து நிமிடம் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அங்கே உங்கள் சிறப்பான ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடுங்கள். பலசாலி என்றால் கையை நேராக நீட்டித் தள்ளுவதே கூடாது, முழங்கை விலாவை விட்டுப் பிரியக் கூடாது. கனமான ஆள் என்றால் எந்த ரவுண்டையும் அடியில் இருந்து தொடங்குங்கள், மேலே வந்தால் எடையைக் குறைத்து வையுங்கள். வளையும் உடம்பு என்றால், எதிராளியின் முழங்கால் உங்கள் இடுப்பைத் தாண்டியதுமே கார்டு போனதாகக் கணக்கு வைத்துக்கொண்டு திரும்பத் தொடங்குங்கள். வேகமான ஆள் ஒவ்வோர் இடத்திலும் மூன்று மூச்சு நின்றுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நீளமான காலென்றால் ட்ரையாங்கிளில் தலையை இழுப்பதற்கு முன் உங்கள் சொந்தக் கெண்டைக்காலைப் பிடித்து, அவருக்குக் குறுக்காகத் திரும்பும் வரை இறுக்கக் கூடாது. சிறிய உடம்புக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ்: சைட் கண்ட்ரோலில் மேலே தொடங்கி, கால்விரலை ஊன்றி முழங்காலைத் தரையிலிருந்து எடுத்து, முழு எடையும் அவர் நெஞ்சில் இறங்கும்படி ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். இறங்கும் எடை உங்கள் மொத்த எடையில் எவ்வளவு என்பதுதான் கணக்கு, 55 கிலோ முழுதாக இறங்கினால் முழங்காலில் நிற்கும் 80 கிலோவைவிட மோசமாக இருக்கும்.

யாரோடு ரோல் பண்ணுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். உங்களைவிடக் கனமானவர்கள், உங்களைவிடத் தேர்ந்தவர்கள், உங்களைவிடச் சின்னவர்கள் என்று மூன்று வகையும் ஒரு வாரத்தில் வர வேண்டும். கடைசி வகையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள், அல்லது அவர்களைப் போட்டு அமுக்கிவிட்டு ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பலம் செல்லுபடியாகும் இடத்தில் அதைப் போடாமல் இருந்து பார்க்க வாய்ப்புக் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

மூச்சைக் கவனியுங்கள். ரோல் நடக்கும்போது வாயை மூடி மூக்கால் மூச்சு விட முடிகிறதா என்று நடுநடுவே பாருங்கள். முடியவில்லை, தம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் உங்களுக்கு வழி தெரியவில்லை, பலத்தால் ஒட்டுகிறீர்கள். எந்த இடத்தில் தம் பிடித்தீர்கள் என்று வீட்டுக்குப் போய் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மேட்டுக்கு வெளியே

வாரத்துக்கு இரண்டு நாள்தான் வகுப்புக்கு வருகிறீர்கள், இன்னொரு நாள் நேரம் கிடைக்கிறது, ஜிம்முக்குப் போவதா மூன்றாவது வகுப்புக்கு வருவதா என்றால், முதல் வருடத்தில் வகுப்புக்கு வாருங்கள். மூன்று நாள் வகுப்பு நிலையான பிறகு இரண்டு நாள் எடைப் பயிற்சி சேர்த்தால் நல்லது. ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்கிறவர்கள் விட வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு மேல் சேருகிறவர்கள் மட்டும் எடைப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம், மூட்டைச் சுற்றித் தசை இருப்பதுதான் அந்த வயதில் மேட்டில் நீடிக்க உதவும்.

என்ன செய்வது? டெட்லிஃப்ட் வகையில் ஒன்று, ஸ்க்வாட், இழுப்பதில் ரோவும் புல்-அப்பும், தள்ளுவதில் ஒன்று, கனத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது. ஐந்து முதல் எட்டு முறை, இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். நீங்கள் எடை தூக்கும் போட்டிக்குப் போகவில்லை, நாளை மேட்டில் யாரோ உங்கள்மேல் ஏறப் போகிறார்கள், அதற்கு முதுகு மிச்சம் இருக்க வேண்டும். கடுமையான ஸ்பாரிங் நடந்த மறுநாள் கனமான டெட்லிஃப்ட் வேண்டாம். பிடி வலுவுக்குத் தனியாக ஏதேதோ கருவி வாங்குகிறார்கள், தேவையில்லை, ஒரு கம்பியில் தடித்த துணியைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கினாலே கி (பயிற்சி உடை) காலரைப் பிடிக்கும் பலம் வரும். அதைவிட முக்கியம், பிடியை எப்போது விடுவது என்று தெரிவது. எதற்கும் உதவாத காலரை ரவுண்டு முழுக்க இறுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு எந்த முன்கையும் போதாது.

மூச்சுப் பலத்துக்கு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வாரம் ஒன்றிரண்டு முறை அரைமணி நேரம் ஓட்டமோ சைக்கிளோ போதும். மூச்சிரைக்கும் பயிற்சியை ரோலிங்கே கொடுத்துவிடும். இடுப்பும் தொடையின் பின்பக்கமும் இறுகியிருந்தால் வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது பத்து நிமிடம் நீட்டுங்கள்.

உடம்புக்கேற்ற விளையாட்டை எப்போது தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் இதற்குத்தான் ரொம்ப அவசரப்படுகிறார்கள். ரோஜர் கிரேசி ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை, பெரிய உடம்பு, ஆனால் உலகச் சாம்பியன்ஷிப்களில் அவர் ஆட்களைத் தோற்கடித்த முக்கிய ஆயுதம் முதல் மாதத்திலேயே கற்றுத்தரும் மவுண்டிலிருந்து செய்யும் காலர் நெரிப்புதான். மார்செலோ கார்சியா அதிகம் உயரமில்லாதவர், ஏடிசிசி என்ற சர்வதேசப் பிடிச்சண்டைப் போட்டியில் 77 கிலோ பிரிவில் நான்கு முறை வென்றவர், எடை வரம்பில்லாப் பிரிவிலும் தன்னைவிட மிகக் கனமானவர்களோடு மோதிப் பதக்கம் எடுத்தவர். பட்டர்ஃபிளை கார்டு, எக்ஸ் கார்டு, முதுகைப் பிடித்தல் என்று பெரிய உடம்புக்கு அடியில் நுழைந்துபோகும் வழிகளை அவர் தேர்ந்தெடுத்ததில் உடம்புக்குப் பங்கு உண்டு. ஆனால் இருவருமே அடிப்படையை முடித்துவிட்டு அங்கே போனவர்கள்.

அதனால் நீல பெல்ட் முடியும் வரைக்கும் எல்லாவற்றையும் தொடுங்கள். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி நீலத்தில் இருந்து அடுத்த படியான ஊதாவுக்குப் போகவே பெரியவர்களுக்குப் பொதுவாகக் குறைந்தது இரண்டு வருடம் ஆகும், தேடுவதற்கு அந்தக் காலம் தாராளம். குட்டையான, திடமான உடம்பென்றால் ஹாஃப் கார்டும் (எதிராளியின் ஒரு காலை மட்டும் பூட்டி வைப்பது) பட்டர்ஃபிளையும் அநேகமாக ஒத்துவரும், நீளமானவர்களுக்கு ட்ரையாங்கிளும் காலால் கையைக் கட்டுப்படுத்தும் கார்டுகளும் எளிது, இடுப்பு இறுகியவர்கள் காலை மேலே வளைத்து இழுக்கும் ரப்பர் கார்டுப் பக்கம் போய் முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போட்டிக்குப் போனால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம். வெள்ளை பெல்ட் ஆட்டம் ஐந்து நிமிடம்தான், டேக்டவுனுக்கும் (நின்ற ஆளைத் தரையில் வீழ்த்துவது) ஸ்வீப்புக்கும் (அடியில் இருந்து கவிழ்த்து மேலே வருவது) 2 புள்ளி, கார்டைத் தாண்டினால் 3, மவுண்டுக்கும் முதுகுக்கும் 4. இருக்கிற பலத்தை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஆனால் முதல் போட்டிக்கு எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள், சாதாரணமாக எந்த எடையில் இருக்கிறீர்களோ அந்தப் பிரிவில் இறங்குங்கள்.

தட்டுவது பற்றி

பலசாலிகளுக்குக் காயம் வருவது பெரும்பாலும் பலத்தால்தான். கை பூட்டிய பிறகும் இன்னும் தாங்கும் என்று இழுத்துப் பிடித்தால் தசை தாங்கும், முழங்கை தாங்காது. கழுத்து நெரிப்பில் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் சில வினாடிகளில் நினைவு போய்விடும், அதில் பலத்துக்கு வேலையே இல்லை. முழங்காலை முறுக்கும் பிடிகளில் வலி தெரிவதற்குள்ளேயே சேதம் நடந்திருக்கலாம், வெள்ளை பெல்ட்களுக்குக் குதிகாலைப் பிடித்து முறுக்கும் ஹீல் ஹூக்கைப் போட்டிகளில் தடை செய்திருப்பது சும்மா இல்லை. அசைய முடியவில்லை, வெளியேறும் வழியும் தெரியவில்லை என்றால் தட்டிவிட்டு, "எங்கே விட்டேன்?" என்று அவரிடமே கேளுங்கள்.

ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் ஒருவராவது இருப்பார், புதியவர்களைக் கண்டால் முழுப் பலத்தோடு ஏறி மிதிப்பவர். அவரோடு ரோல் பண்ண மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, பெல்ட் என்ன நிறம் என்றாலும் சரி. "இன்றைக்கு வேண்டாம், நன்றி" என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு அவர் யார் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.